கீப்பிங் ஸ்கோரும் மொய் நோட்டும்

பாலக்கோட்டு வாசகர் கேட்டது, ஜூலை 21

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். நடத்த வந்தவர் திரும்பத் திரும்பச் சொன்னது, "டோன்ட் கீப் ஸ்கோர்". கணவன் மனைவிக்குள், அண்ணன் தம்பிக்குள், கூட வேலை செய்பவர்களுக்குள் யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்று கணக்கு வைத்தால் உறவு கெட்டுவிடுமாம். எங்கள் வீட்டு பீரோவில் தாத்தா காலத்து மொய் நோட்டு இருக்கிறது. ஆவணியில் ஒரு கல்யாணம் வருகிறது. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எவ்வளவு வைப்பது என்று முடிவு செய்வோம். அப்படியானால் நாங்கள் உறவைக் கெடுத்துக்கொண்டா இருக்கிறோம்? அந்த இங்கிலீஷ் பேச்சுக்கு என்னதான் பொருள்?

ஜூலை 21, இரவு

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் ரன்னையோ பாயிண்டையோ குறித்துக்கொண்டே வருவதுதான் கீப்பிங் ஸ்கோர். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால், "போன வாரம் நான் விட்டுக்கொடுத்தேன், இந்த வாரம் உன் முறை" என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பது. இந்த இரண்டாவது பொருளில் சொன்னால் பெரும்பாலும் குறையாகத்தான் சொல்வார்கள். ஆக, உங்கள் பயிற்சியாளர் அந்தப் பேச்சைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார். அதை வைத்து அவர் கொடுத்த தீர்ப்பைத்தான் நான் ஏற்கவில்லை. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, எழுத நேரம் இருக்கிறது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

ஜூலை 22

காவேரிப்பட்டணம் பக்கத்து மண்டபங்களில் நான் மொய் எழுதுகிறவன். தொழிலாக அல்ல. கையெழுத்து பரவாயில்லை என்று சொந்தக்காரர் ஒருவர் உட்கார வைத்தார், அப்புறம் பழக்கமாகிவிட்டது.

வெளியூர் வாசகர்களுக்காக அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பந்திக்குப் போகும் வழியில் ஒரு மேசை. இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணி, தொகையை உரக்கச் சொல்வார். மற்றவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை என்று எழுதுவார். நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியைக் குலதெய்வத்தின் பெயரில் எழுதித் தொடங்குவோம். கொடுத்தவர் பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்ப்பார். "ஊரை மாத்திட்டீங்க, நாங்க அகரம் இல்ல, போச்சம்பள்ளி" என்பார். திருத்துவோம். அவர் போன பிறகுதான் அடுத்த ஆள்.

மறைவு என்று எதுவும் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும், எண்ணியவருக்குத் தெரியும், வரிசையில் பின்னால் நிற்கிறவருக்கும் தெரியும். பயிற்சியாளர் பயப்படுகிற கணக்கு வேறு. அது ஒரே ஆளின் தலைக்குள் ஏறிக்கொண்டே போகும். எதிராளிக்கு அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாது. ஒருநாள் சண்டையில், "உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யார் பார்த்தா?" என்று மொத்தமாக வெளியே வரும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

ஜூலை 23

"மொய் என்பது வட்டியில்லாக் கடன், அதற்கு ஏன் இவ்வளவு பெருமை?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

கடன் என்ற சொல்லுக்கு நான் கூச்சப்பட மாட்டேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் அந்தப் பணம் கைகொடுக்கும். நம் பக்கத்தில் அந்தப் பழக்கம் இல்லை. இங்கே விசேஷத்தோடு ஒட்டித்தான் மொய். ஆனாலும் மண்டப வாடகை, சமையல்காரர் கூலி, பந்தல் செலவு எல்லாம் மறுநாள் காலை அந்தப் பையிலிருந்துதான் போகும். மாங்காய் விலை படுத்துவிட்ட வருஷத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய், "மொய் எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 26

ஸ்கோர் என்ற சொல்லின் பழைய கதை இந்த விவாதத்துக்கு நேராகப் பொருந்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஸ்கோர் என்றால் முதலில் மரத்தில் வெட்டிய கீறல். ஆடு மாடு எண்ணும்போது இருபதுக்கு ஒரு வெட்டு போட்டதால் ஸ்கோர் என்றாலே இருபது என்றும் ஆனது. ஆபிரகாம் லிங்கன் 1863இல் கெட்டிஸ்பர்க்கில் பேசும்போது "நாலு ஸ்கோரும் ஏழு வருஷமும் முன்பு" என்று தொடங்கினார். நாலு இருபது எண்பது, ஏழு சேர்த்தால் எண்பத்தேழு. கழித்துப் பார்த்தால் அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 வரும். கிரிக்கெட்டிலும் ஆரம்ப காலத்தில் ரன்னைக் குச்சியில் வெட்டித்தான் எண்ணினார்கள்.

இங்கிலாந்து அரசின் கஜானாவும் பல நூற்றாண்டுகள் இந்தக் குச்சிக் கணக்கை வைத்திருந்தது. தொகைக்கு ஏற்ற அகலத்தில் குச்சியின் குறுக்கே வெட்டுவார்கள். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பணம் கொடுத்தவரிடம் நீளமான பாதி, வாங்கியவரிடம் குட்டைப் பாதி. தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாக ஒரு வெட்டு கூட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. நான் மேசையில் செய்வதும் இதுதானே. மொய் வைத்தவர் தன் வீட்டு நோட்டில் "இன்னாருக்கு வைத்தது" என்று எழுதிக்கொள்கிறார், நான் கல்யாண வீட்டு நோட்டில் "இன்னாரிடம் வந்தது" என்று எழுதுகிறேன். இரண்டு பாதியும் பொருந்த வேண்டும்.

அந்தக் குச்சிகளின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1826இல் அந்த முறை நின்றது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மேலே ஏறி, பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்று லண்டனில் நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகு கட்டியது.

ஜூலை 27, காலை

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் செட்டில் தி ஸ்கோர்?" என்று கேட்கிறார். அதுவும் கடனிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் சாராயக்கடைக்காரர்கள் வாடிக்கையாளர் குடித்த கணக்கைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். அதைத் தீர்ப்பதுதான் முதலில் செட்டில் பண்ணுவது. நம்மூர் மளிகைக் கடையில் பற்று நோட்டை அடைக்கிற மாதிரி. பிறகு பழி தீர்ப்பதற்கும் அதையே சொன்னார்கள். இன்று அந்தப் பொருள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. "நோஸ் தி ஸ்கோர்" என்றால் உள்விவகாரம் தெரிந்தவர். "ஆன் தட் ஸ்கோர்" என்றால் அந்த விஷயத்தில். இந்த இரண்டுக்கும் பழிக்கும் சம்பந்தமில்லை, ஆபீஸ் கடிதத்தில் தாராளமாக எழுதலாம்.

ஜூலை 27, இரவு

தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் நல்ல ஒன்றை எடுத்துக்கொடுத்தார். அந்தப் பக்கம் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் நிறைய. கன்னடத்தில் கல்யாண மொய்க்கு முய்யி என்று பெயர். பழிக்குப் பழி என்பதற்கும் அவர்கள் சொல்வது முய்யிகெ முய்யி. வாங்கியதைத் திருப்பிச் செய்வது என்ற ஒரே வேரிலிருந்து கல்யாணப் பணமும் பழிவாங்கலும் கிளைத்திருக்கின்றன. ஓசூர் பயிற்சியாளருக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. திருப்பிச் செய்வதில் இரண்டு வகையும் இருக்கிறது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டிலும் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகல் பார்த்திருப்பீர்கள். கையில் வில்லும் வாளுமாக ஒரு வீரன், மேலே சில வரி எழுத்து. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் இருக்கிறது. அவற்றில் பல, மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டு, மந்தையை மீட்டு இறந்தவனுக்கு எடுத்தவை. எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எந்தச் சண்டை என்று சுருக்கமாக இருக்கும். மாடு பிடிக்க வந்த ஊரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தக் கல்லில் இருக்காது. அவர்கள் ஊரில் அவர்களுக்குத் தனிக் கல். செட்டில் பண்ணுகிற ஸ்கோர் முடியாமல் தொடர்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குச்சியின் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வீட்டில் எல்லோரும் ஒகேனக்கல் போயிருக்கிறார்கள். கேள்விகள் சேர்ந்துவிட்டன, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஆகஸ்ட் 4

அரூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறார். சுருக்கமாக அவர் சொல்வது இது: "நீங்கள் சொல்கிற திறந்த கணக்கில் என் பெயர் எங்கே? என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என் தையல் காசிலிருந்து வைத்தேன். நோட்டில் என் வீட்டுக்காரர் பெயர் ஏறியது. காலையில் எழுந்து பால் கறப்பதிலிருந்து ராத்திரி பாத்திரம் கழுவுவது வரை நான் செய்வது எந்த நோட்டிலும் இல்லை. நான் மனத்துக்குள் கணக்கு வைக்காமல் வேறு எங்கே வைப்பது?"

இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மனத்துக்குள் வைக்கும் கணக்கைப் பற்றி 22ஆம் தேதி எழுதியது பாதிதான், இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியே எழுத இடம் கொடுக்காதபோதுதான் கணக்கு உள்ளே போகிறது. கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் எக்ஸ்ட்ராஸ் என்று ஒரு கட்டம் உண்டு. பந்து மட்டையில் படாமல் ஓடி எடுக்கிற பை, லெக் பை எல்லாம் அதில் போகும். அணியின் மொத்தத்தில் அந்த ரன் கூடும், எந்த பேட்ஸ்மேன் பெயரிலும் ஏறாது. இந்த அம்மா செய்கிற வேலை முழுவதும் வீட்டுக்கு அந்தக் கட்டத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. வீட்டில் "கணக்குப் பார்க்காதே" என்று யார் சொல்கிறார்கள்? நான் பார்த்தவரை வாங்கிக்கொண்ட பக்கம்தான் சொல்கிறது. பாகப்பிரிவினையில் ரோட்டோர நிலம் கிடைத்த அண்ணன், மேட்டு நிலம் கிடைத்த தம்பியைப் பார்த்து, "ரத்த சம்பந்தத்துல கணக்கு எதுக்குடா" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். மேட்டுக்காரன் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. கம்பெனியில் மேலே இருப்பவர் கூட்டிவந்த ஒருவர், கீழே இருப்பவர்களிடம் "டோன்ட் கீப் ஸ்கோர்" என்று சொல்வதையும் இந்தக் காதோடுதான் கேட்க வேண்டும். ஓவர்டைம் மணிக்கணக்கைத் தனியாக ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள் என்று பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொல்வேன்.

மொய் மேசையில் இனி நான் ஒன்று செய்யப்போகிறேன். கணவன் மனைவியாக வந்து வைத்தால் இரண்டு பெயரும் எழுதுவேன். பெண் தனியாக வந்து வைத்தால் அவர் பெயரை முதலில் எழுதிவிட்டு, அடையாளத்துக்கு ஊரும் தகப்பனார் பெயரும் போடுவேன். புருஷன் இறந்துபோன பெண் கொண்டுவந்து வைத்ததை "காலஞ்சென்ற இன்னார்" என்று எழுதச் சொல்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. பணம் வைத்தவர் எதிரில் உயிரோடு நிற்கிறார்.

ஆகஸ்ட் 5

"இரண்டு பெயர் எழுதினால் வரிசை நகராது" என்று இரண்டு பேர். நகரும். தகப்பனார் பெயர் எழுத நேரம் இருக்கிறதே.

ஆகஸ்ட் 9

ஸ்கோர் எழுதுவது பற்றி ஊத்தங்கரைப் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான். கிளப் ஆட்டத்துக்கு ஸ்கோரராக உட்கார வைத்திருக்கிறார்களாம். சலிப்பாக இருக்கிறது என்கிறான்.

தம்பி, நீ செய்வது சின்ன வேலை இல்லை. கிரிக்கெட் விதிப் புத்தகத்தில் மூன்றாவது விதியே ஸ்கோரர்களைப் பற்றித்தான். இரண்டு ஸ்கோரர்கள் இருக்க வேண்டும், அடிக்கடி தங்கள் கணக்கு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும், இடைவேளைகளில் அம்பயரோடும் ஒத்துப்பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அம்பயர் கை காட்டினால் நீ பதிலுக்குக் கை தூக்க வேண்டும். நீ தூக்கும் வரை அடுத்த பந்து வீசக் கூடாது. மைதானத்தில் அத்தனை பேரும் உனக்காக நிற்கிறார்கள்.

புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வைடும் நோபாலும் பந்து வீசியவர் கணக்கில் ஏறும். பையும் லெக் பையும் ஏறாது. ரன் இல்லாத பந்துக்கும் ஒரு புள்ளி வைக்காமல் விடாதே, ஓவர் கணக்கு அதில்தான் நிற்கிறது. பேட்ஸ்மேன் பக்கத்துக் கூட்டலும் எக்ஸ்ட்ராஸும் சேர்ந்த மொத்தம், பந்து வீசியவர்கள் பக்கத்துக் கூட்டலோடு பையும் லெக் பையும் சேர்த்த மொத்தம், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பெனால்டி ரன் கொடுத்திருந்தால் அதை பந்து வீசியவர் தலையில் கட்டாமல் தனியாகக் கூட்டிக்கொள். அப்புறம் கையெழுத்துப் போடு.

"எழுதியது தப்பாக இருந்தால்?" என்று அடுத்த கேள்வி. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டம், லார்ட்ஸ் மைதானம். கடைசி ஓவரில் பீல்டர் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. இங்கிலாந்துக்கு ஆறு ரன் கொடுத்தார்கள். விதிப்படி ஐந்துதான் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் பந்தை எறிந்த நேரத்தில் இரண்டாவது ரன்னுக்கு இருவரும் ஒருவரையொருவர் கடக்கவில்லை. ஆட்டம் 241க்கு 241 என்று சமன். சூப்பர் ஓவரும் 15க்கு 15. அதிக பவுண்டரி அடித்ததால் கோப்பை இங்கிலாந்துக்கு. பிறகு அம்பயரே அது பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஸ்கோர் மாறவில்லை. நியூசிலாந்துக்காரர்களும் அதை ஏற்றுக்கொண்டு போனார்கள். அந்த அணி மீது எனக்கு அன்று வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

ஆகஸ்ட் 12

தமிழாசிரியர் ஒருவர், "கணக்கே வைக்காத அன்பும் இந்த மண்ணில்தான் இருந்தது, அதை மறந்துவிட்டீர்கள்" என்கிறார். மறக்கவில்லை, அவரே எழுதட்டும் என்று காத்திருந்தேன். தகடூர் அதியமானைப் பற்றித்தான் சொல்கிறார். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஒருநாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, பலநாள் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல்நாள் வரவேற்ற அதே விருப்பத்தோடு வரவேற்பவன் என்று ஔவையார் அவனைப் பாடியிருக்கிறார். புறநானூற்றில் 101ஆம் பாட்டு.

இதைவிட உயர்வாக நான் எதையும் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அதியமான் கொடுக்கிற இடத்தில் இருந்தான். கணக்கு வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. அவன் வாங்க வந்த ஔவையிடம் போய், "நீ கணக்குப் பார்க்காதே" என்று சொல்லவில்லை. தன் பக்கத்துக் கணக்கைத் தானே அழித்துக்கொண்டான். நானும் மேசையில் பார்த்திருக்கிறேன். சிலர் உறையைக் கொடுத்துவிட்டு, "எழுத வேணாம், அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த உறையை நான் பிரிப்பதில்லை, அப்படியே பெண்ணின் அப்பா கையில் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 14

பாலக்கோட்டுத் தம்பி மறுபடியும்: "எங்கள் தாத்தாவுக்கு அந்தக் காலத்தில் 51 ரூபாய் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு எவ்வளவு வைப்பது? அப்பா தங்க விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்."

தங்க விலையை விடச் சொல்லுங்கள். அன்று தங்கம் வாங்குகிற நினைப்பில் யாரும் 51 வைக்கவில்லை. அந்த ஊரில் அந்த உறவுமுறைக்கு இப்போது என்ன வைக்கிறார்கள் என்று விசாரித்து அதை வையுங்கள். பழைய வரிக்கு எதிரே தேதி போட்டுத் திருப்பியதாகக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களால் முடிந்தது அதைவிடக் குறைவு என்றால் குறைவாக வையுங்கள், ஆனால் நேரில் போங்கள். பத்திரிகை வைத்தவர் முதலில் பார்ப்பது நோட்டை அல்ல, பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

ஆகஸ்ட் 19

ஆவணி பிறந்துவிட்டது, இனி அடிக்கடி எழுத முடியாது. மேசையில் புதிதாக வந்திருக்கும் சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன். இப்போது மேசை மீது கியூஆர் அட்டை வைக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரமுடியாதவர்கள் கூட அனுப்புகிறார்கள். நல்லதுதான், ஆனால் போனில் வருவது வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் மட்டும். ஊரும் வராது, தகப்பனார் பெயரும் வராது. ஒரே மண்டபத்தில் முருகேசன்கள் பலர் இருப்பார்கள். மகன் போனிலிருந்து அப்பா வைத்த மொய் மகன் பெயரில் போய்விடும். பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் பெயரையும் ஊரையும் தட்டிவிடுங்கள், பெண்கள் தங்கள் பெயரையே தட்டுங்கள். அப்புறம் மேசைப் பக்கம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், நோட்டிலும் ஏற்றிவிடுகிறோம்.